நடுவில் படிப்பவருக்கு

ஊரில் பெரிய புள்ளிகள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சின்னப்புள்ளி ஒரே ஒருவர்தான். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர்கள் அச்சுக் கோப்பவர்கள். நாளிதழ் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர் அவர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லாமல் போனால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். மருந்துச் சீட்டு, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கையில் கொடுத்தாலும் சட்டைப்பையிலிருந்து பேனா தானாக வெளியே வந்துவிடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்தபோது துக்கம் விசாரிக்கப் போனார். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில் 'இறந்தார்' என்பதற்குப் பதிலாக 'இரந்தார்' என்று போட்டு, செத்த மனிதரைப் பிச்சைக்காரர் ஆக்கியிருந்தார்கள். அந்த ர-வுக்கு ஒரு முதுகு வைத்து ற ஆக்கிவிட்டுத்தான் அவர் உள்ளே போய் அழுதார்.

அச்சகம் மூடப்பட்டது. ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்து, மனைவி எழுதும் சலவைக் கணக்கையெல்லாம் திருத்தி அவளைப் பாடாய்ப் படுத்தினார். பொறுக்க முடியாமல் அவள் தன் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் யாரிடமோ ஒரு வார்த்தை போட்டுவைக்க, அரசாங்க வேலை ஒன்று கிடைத்தது. நேர்முகத் தேர்வில் மூன்றே கேள்விகள். "வேகமாப் படிப்பீங்களா?" "கையெழுத்து எப்படி?" "வாய் எப்படி?" மூன்றாவதுக்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்தப் பதில் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பெரிய தபால் நிலையத்தின் இரண்டாவது மாடியில், படியேறினால் கடைசிக் கதவு. கதவில் 'பழுதடைந்த தபால்கள் பிரிவு' என்று பலகை. உள்ளே நாலு மேசை, ஒரு மின்சாரக் கெட்டில், எலும்பில் செய்த மழுங்கல் கத்திகள், மூன்று கிண்ணத்தில் மூன்று தினுசுப் பசை. அரசாங்கத்தின் சந்தேகப் பட்டியலில் உள்ளவர்களின் கடிதங்கள் தனிப் பையில் வரும். ஒட்டுவாயை ஆவியில் காட்டினால் அது அசதியாக வாயைத் திறக்கும். எடுத்துப் படித்து, கவனிக்க வேண்டிய வரிகளை நகல் ஏட்டில் எழுதிவிட்டு, மடிப்பு மாறாமல் மடித்து ஒட்டி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கீழே அனுப்பிவிட வேண்டும். உறை வந்த மாதிரியே போக வேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி, நடு விதி, கடைசி விதி எல்லாம். வீட்டில் கேட்டால், நனைந்துபோன தபால்களைக் காய வைக்கிற வேலை என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவரும் அப்படியே சொன்னார்.

தமிழில் புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒற்று என்று பெயர், வேவு பார்ப்பதற்கும் ஒற்று என்றுதான் பெயர். இரண்டும் ஒரே ஆள் தலையில் வந்து விடிந்தது. முதல் வாரம், அடுத்தவர் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட மாதிரி அவருக்குக் கூசியது. இரண்டாவது மாதம் கூச்சம் போய்விட்டது. பிழைகள் தந்த உறுத்தல்தான் போகவில்லை.

அவர் பங்குக்கு வந்த பெயர்களில் ஒன்று, அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்த ஓர் அம்மாள். பிரசவ வார்டுக் குழாயில் துருத் தண்ணீர் வருகிறது என்று பத்திரிகைக்கு நாலு கடிதம் போட்டதுதான் அவர் செய்த குற்றம். பட்டியலில் ஏற அது போதுமானதாக இருந்தது. வாரம் ஒருமுறை வெளியூரில் இருந்த தங்கைக்கு எழுதுவார். எழுத்து தைரியமானது, எழுத்துகளோ அநியாயம். ல, ள, ழ மூன்றும் அவருக்கு ஒரு தாய் பிள்ளைகள், யார் முன்னால் வந்தாலும் அன்பாக உட்கார வைத்துவிடுவார். 'நேற்றுப் பல்லிக்கூடத்துக்குப் போய் முன்னூறு பேருக்குத் தடுப்பூசி போட்டோம்' என்று எழுதியிருந்தார். முன்னூறு பல்லிகளும் வரிசையில் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வது சின்னப்புள்ளியின் கண் முன்னால் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

உண்மையில் முதல் தடவை அவர் வைத்தது ஒரு புள்ளிதான். 'மருநது' என்று இருந்ததை 'மருந்து' ஆக்கினார். ஒரு புள்ளி என்ன எடை இருந்துவிடப் போகிறது? அடுத்த வாரம் பல்லியைப் பள்ளி ஆக்கினார். அதற்கடுத்த வாரம் 'தலைவழி'க்கு நல்ல வழி காட்டினார். அந்த அம்மாள் எழுதுகிற நீல மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, வேலை சுத்தமாக நடந்தது. நகல் ஏட்டிலும் எல்லாவற்றையும் திருத்தித்தான் எழுதினார். பிழையோடு எழுதச் சொன்னால் அவர் கை எழுதாது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கையிடமிருந்து பதில் வந்தது. அதையும் இவர்தானே பிரிக்க வேண்டும்? 'அக்கா, உன் எழுத்து எவ்வளவோ தேறிவிட்டது. நம் எட்டாம் வகுப்பு வாத்தியார் பார்த்தால் மூர்ச்சை போட்டிருப்பார். யாரிடம் படிக்கிறாய்?' சின்னப்புள்ளிக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அச்சகத்தில் யாரும் அவரை இப்படிப் பாராட்டியதில்லை. பெருத்த நெஞ்சோடு உறையை ஒட்டியபோது, அந்தப் பாராட்டு யார் கைக்குப் போகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

நர்ஸம்மா யோசித்தார். பழைய கடிதம் ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொன்னார், தங்கை அனுப்பினாள், இவர் அதையும் பிரித்து ஒட்டினார். அடுத்த வாரக் கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, புதிதாக ஒரு பத்தி இருந்தது.

'நடுவில் படிப்பவருக்கு: வணக்கம். நான் எழுதின எழுத்துக்கெல்லாம் வால் முளைத்திருக்கிரது. என் எழுத்துக்கு வால் கிடையாது. ஒரு சந்தேகம். நோயாளி படுப்பது அரையா, அறையா? சரியானதற்குக் கீழே கோடு போடவும்.'

அவர் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. "தபால் ரொம்ப நனைஞ்சு போச்சா?" என்று மனைவி கேட்டாள். மறுநாள் இருபத்துமூன்றாவது மணி நேரம் வரைக்கும் அதைப் பார்க்காமல் இருந்தார். யாரோ எழுதிக் கேட்டதற்கு இவர் கோடு போட்டால், பிரித்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் 'அரை'யும் 'அறை'யும் அப்படித் தீர்ப்பில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை எத்தனை நேரம்தான் பொறுப்பது? மயிரிழை போல ஒரு கோடு, 'அறை'க்குக் கீழே. போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஜன்னலோரம் போய் நின்றார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கேள்வி வந்தது. கரியா கறியா, பணியா பனியா, வாழையா வாளையா. அக்காவும் தங்கையும் அதை விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். 'ஆள் கெட்டிக்காரர், இந்த வாரமும் மாட்டவில்லை' என்று தங்கை எழுதினாள். நர்ஸம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதும், ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருப்பதும், சாப்பிடும்போது நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதும் இவருக்குத் தெரியும். இவரைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரிந்தது, கோடு நேராகப் போடுவார் என்பது ஒன்றுதான்.

ஒரு வாரம் கேள்வி இலக்கணத்தைத் தாண்டிவிட்டது. 'மந்திரிக்குத் தடுப்பூசி எங்கே போடலாம்? கையிலா, இடுப்புக்குக் கீழேயா? சரியானதற்குக் கீழே கோடு போடவும்.' சின்னப்புள்ளி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பக்கத்து மேசைக்காரர் "என்ன இருமலா?" என்றார். "ஆமா, பசை வாசனை" என்றார் இவர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஆள் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? இரண்டாவதற்குக் கீழே கோடு போட்டார். இரட்டைக் கோடு.

இப்படிப் பதினோரு மாதம் ஓடியது. அதுவரை பிரிவின் தலைவராக இருந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழித்திருந்து பழக்கமில்லாதவர். அவர் ஓய்வு பெற்று, புதிய கண்காணிப்பாளர் வந்தார். சட்டைக் காலர் முதல் செருப்பு வரை சுறுசுறுப்பானவர். வரும்போதே ஒரு புகைப்படக் கருவியையும் கொண்டுவந்தார். இனிமேல் உறையைப் பிரித்ததும் முதலில் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் படிப்பவர் கைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு.

கருவி வந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சின்னப்புள்ளியை உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் நர்ஸம்மாவின் கடிதம், பக்கத்தில் அதன் படம். படத்தில் இரண்டு வரிக்குச் சிவப்பு மையில் கோடு.

'வெள்ளிக்கிழமை மந்திரி ஆஸ்பத்திரிக்கு வருகிரார். நாங்கள் ஏழு பேரும் வாசலிலேயே நின்று அவரைப் பார்த்துக் கொல்வோம் என்று முடிவு செய்துவிட்டோம். நீயும் லீவு போட்டு வந்து கலந்து கொல்.'

"ஏழு பேர்" என்றார் கண்காணிப்பாளர், குரலைத் தாழ்த்தி. "எட்டாவது ஆளையும் வரச் சொல்றா."

"ஐயா, அது கொல்வோம் இல்லீங்க, கொள்வோம். பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. அந்தம்மாவுக்கு ல, ள தெரியாது."

"அப்படியா?" கண்காணிப்பாளர் நகல் ஏட்டை முன்னால் தள்ளினார். "பதினோரு மாசம். உங்க கையெழுத்து. நான் முழுசாப் படிச்சுட்டேன். கலந்து கொண்டேன், பேசிக் கொண்டோம், பார்த்துக் கொள்ளலாம். ஒரு இடத்துல தப்பு இருக்கா? பதினோரு மாசமா சரியா எழுதின பொம்பள, மந்திரி வர்ற வாரம் மட்டும் கொல்வோம்னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம்?"

சின்னப்புள்ளி ஏட்டைப் பார்த்தார். ஏடு முழுக்க அவர் திருத்திய தமிழ். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சாட்சியைப் பதினோரு மாதமாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கியவர் அவரேதான்.

"இதோ, இந்த வருகிரார்ல பாருங்க ஐயா" என்று படத்தைக் காட்டினார்.

கண்காணிப்பாளர் உற்றுப் பார்த்தார். "ஏன், சரியாத்தானே இருக்கு?"

அதற்கு மேல் என்ன சொல்வது? "நகல் எடுக்கும்போது நான்தான் கொஞ்சம்… பழக்கதோஷம்…" என்று இழுத்தார்.

"அரசாங்க ஏட்டுல இல்லாததை எழுதினீங்களா? அதை அப்புறம் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கண்காணிப்பாளர் அவரை வெளியே அனுப்பினார். கடிதம் மட்டும் வெளியே வரவில்லை. தங்கைக்கு அது போய்ச் சேரவே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனார். போய் நர்ஸம்மாவை எச்சரிக்கலாமா என்று நினைத்தார். என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது? உங்கள் கடிதத்தைப் பிரிக்கிறவன் என்றா? கால் மருத்துவமனைத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது.

புதன்கிழமை காலை கண்காணிப்பாளரே அவர் மேசைக்கு வந்தார். கையில் இயக்குநருக்கு எழுதிய அறிக்கை. ரகசியம் என்பதால் தட்டச்சுக்குக் கொடுக்காமல் தானே எழுதியிருந்தார். "நீங்க பத்திரிகையில இருந்தவராமே. இதைக் கொஞ்சம் பிழை பார்த்துக் குடுங்க" என்றார். மனிதருக்குச் செய்வதெல்லாம் முறையாக இருக்க வேண்டும்.

சின்னப்புள்ளி பேனாவைத் திறந்தார். காற்புள்ளி ஒன்று, விட்டுப்போன க் இரண்டு, ஒரு வல்லின ற. திருத்திக்கொண்டே கடைசி வாக்கியத்துக்கு வந்தார்.

'மேற்படி எழுவரையும் வெள்ளிக்கிழமைக்கு முன் கைது செய்து விசாரணை மேற்கொல்லவும், இதனை மிக அவசரம் எனக் கருத்தில் எடுத்துக் கொல்லவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக் கொல்கிறேன்.'

ஒரே வாக்கியத்தில் மூன்று கொலை. அதிலும் கடைசிக் கொலை பணிவுடன்.

பேனா முனை அந்த முதல் ல-வின் மேல் போய் நின்றது. கை அரித்தது. இத்தனை வருடத்தில் தெரிந்தே ஒரு பிழையை அவர் விட்டதில்லை. ஆவி காட்டுகிற கெட்டில் கொதித்து அடங்குகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பிழை பார்த்தாச்சா?"

"பார்த்துட்டேன், ஐயா" என்றார். பார்த்ததென்னவோ நிஜம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேருக்கும் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு. இயக்குநர் ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த அம்மாள். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் அவருக்கு. துடைத்து மாட்டிக்கொண்டு அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"கண்காணிப்பாளரே, என்னைப் பணிவா என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டுக் கொல்கிறேன்னு மரியாதையாத்தான் மேடம் எழுதியிருக்கேன்." நாக்கும் அவருக்கு ல-வில்தான் புரண்டது.

"அந்த நர்ஸ் மந்திரியைக் கொல்லப் போறா, நீங்க என்னைக் கொல்லப் போறீங்க. யாரை முதல்ல கைது பண்ணச் சொல்றீங்க?"

கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். எங்கே தப்பு என்று தேடுகிற கண் அது. தேடிக் கிடைக்காமல் சின்னப்புள்ளியைப் பார்த்தது. இயக்குநரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"காற்புள்ளியெல்லாம் திருத்தியிருக்கீங்க. இந்த மூணு மட்டும் கண்ல படலையா?"

"பட்டுதும்மா. வேணும்னேதான் விட்டேன்."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மருந்தின் புள்ளி, முன்னூறு பல்லிகள், நீல மைப் புட்டி, அறைக்குக் கீழே போட்ட கோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இரட்டைக் கோட்டை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு உண்மை யாருக்கும் ஆகாது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க நில்லுங்க" என்றார் கடைசியில். "சாதா உடையில நாலு பேரை அனுப்பறேன். அந்தம்மா சும்மா பார்த்துக்கத்தான் வந்தாங்கன்னா நீங்க பிழைச்சீங்க. வேற மாதிரி ஏதாவது ஆச்சு…"

வெள்ளிக்கிழமை மந்திரி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டாகியும் வரவில்லை. வாசலில் ஏழு பெண்கள் வெள்ளைச் சீருடையில் நின்றார்கள். நெட்டையாக, ஒல்லியாக, கோபக்காரியாக ஒரு நர்ஸம்மாவை இவர் மனத்தில் வைத்திருந்தார். நேரில் குட்டையாக, உருண்டையாக, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரத்தோடு ஒருவர், முழங்காலை அடிக்கடி நீவிவிட்டுக்கொண்டு நின்றார். தோளில் ஒரு கனத்த பை. அந்தப் பையைப் பார்த்ததும் சின்னப்புள்ளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பதினோரு மாதமாகப் பாடம் நடத்தியிருக்கிறோமே, ஒருவேளை இந்த அம்மாள் எழுத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்றால்? தெரிந்தேதான் ல போட்டார் என்றால்?

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. ஏழு பேரில் ஒருத்தி பிடித்திருந்த அட்டையில் 'சுத்தமான தன்னீர் வேண்டும்' என்று எழுதியிருந்தது. அது அவருக்கு நாலு அடி தூரத்தில், நேர் எதிரே. இரண்டு மணி நேரமாக. தலையைத் திருப்பிக்கொண்டார். மரத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். சாதா உடையில் நின்ற நாலு பேரைப் பார்த்தார். திரும்பினால் மறுபடி தன்னீர். மந்திரி இன்னும் கால் மணி முன்னால் வந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

"ஒரு நிமிஷம், அசையாமப் பிடிங்கம்மா" என்று சொல்லி, முன்னால் போய், பேனாவைத் திறந்து, இரண்டு ன-வுக்கும் ஒவ்வொரு சுழி கூடப் போட்டு ண ஆக்கினார்.

நிமிர்ந்தபோது நர்ஸம்மா அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். பேனாவைப் பார்த்தார். நீல மை. போட்ட சுழிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னதாக ஒரு வால்.

"ஓ, நீங்கதானா!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் நல்ல வயசான தாத்தாவா இருக்கும்னு நினைச்சேன்."

சின்னப்புள்ளி கையைக் கூப்பினார்.

சிரிப்பு அந்த முகத்தில் மெல்ல இறங்கியது. "திருத்தினது சரி" என்றார் நர்ஸம்மா. "படிச்சது?"

அந்தக் கேள்விக்குக் கோடு போட இரண்டு பதில் இல்லை. அவர் தலையைக் குனிந்தபோது மந்திரியின் கார்கள் வந்துவிட்டன. கதவு திறந்தது. ஏழு பேரும் முன்னால் நகர்ந்தார்கள். நர்ஸம்மா பைக்குள் கையை விட்டார். நாலு பக்கத்திலிருந்தும் நாலு பேர் பாய்ந்தார்கள். ஒருவன் அவர் முழங்கையைப் பிடித்தேவிட்டான்.

"தண்ணி! வெறும் தண்ணி!" என்று கத்தியவர் சின்னப்புள்ளி. எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தண்ணீர்தான். பிரசவ வார்டுக் குழாயில் பிடித்தது, கண்ணாடிப் புட்டியில், டீ மாதிரி நிறத்தில். நர்ஸம்மா பிடிபட்ட முழங்கையை உதறிவிட்டுப் புட்டியை மந்திரிக்கு முன்னால் நீட்டினார்.

"குடிக்கச் சொல்லலீங்க. கையை மட்டும் கழுவிக்குங்க. இதுலதான் நாங்க பிறந்த குழந்தைங்களைக் குளிப்பாட்டறோம்."

மந்திரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்திரிகைப் படக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் சொடுக்கினார்கள். மறுநாள் எல்லாத் தாளிலும் அந்தப் படம் வந்தது, கை இல்லாத மந்திரி மாதிரி. பதினெட்டாவது நாள் மருத்துவமனைக்குப் புதுத் தொட்டி வந்து இறங்கியது.

சின்னப்புள்ளி மேல் நடவடிக்கை எடுக்கக் கண்காணிப்பாளர் மூன்று தடவை குறிப்பு எழுதினார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநர் சொன்னாராம்: "கடிதத்தைத் திருத்தினார்னு குற்றம் சாட்டணும்னா, கடிதத்தைப் பிரிச்சோம்னு முதல் வரியில எழுதணும். நாம யாருடைய கடிதத்தையும் பிரிக்கறதே இல்லைன்னு போன மாசம்தான் சட்டசபையில சொன்னோம். எப்படி எழுதப் போறீங்க?" கண்காணிப்பாளருக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை. சின்னப்புள்ளியைத் தரைத் தளத்தில் தபால்தலை விற்கிற இடத்துக்கு மாற்றினார்கள். நர்ஸம்மாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அதில் ஏறிய பெயர் இறங்கினதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

இடமாற்ற உத்தரவை வீட்டில் காட்ட வேண்டியிருந்தது. காட்டினால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நனைந்த தபால் கதையை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, வேறு வாசல் வழியாக.

"ஏங்க, ஒரு வருஷமா ஊர்ல இருக்கிறவங்க கடிதத்தையெல்லாம் படிச்சீங்க. எனக்கு ஒரு கடிதம் எழுதினீங்களா?"

"ஒரே வீட்டுல இருக்கோம், கடிதம் எதுக்கு?"

"அந்த நர்ஸம்மாவோட முழங்கால் வலி உங்களுக்குத் தெரியும். எனக்குத் தோள்பட்டை வலிக்குது, மூணு மாசமா. தெரியுமா?"

தெரியாது. அன்று தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "எங்க அண்ணன் கடிதம் அந்தப் பையில வந்திருக்கா?" அவர் கை ஒரு கணம் நின்று, மறுபடி தேய்த்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

தரைத் தளத்து வேலை அவருக்குப் பிடித்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் முகங்கள் இருந்தன. பூட்டிய உறையை வாங்கி, தபால்தலையைக் கிழித்துக் கொடுத்து, பூட்டியபடியே பைக்குள் போடுவதில் ஒரு நிம்மதி இருந்தது. மேலே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததால் பாதி நிம்மதி.

ஒரு மாதம் கழித்து நர்ஸம்மா வந்தார். கம்பிக்குப் பின்னால் இவரைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "இருபது அஞ்சலட்டை குடுங்க" என்றார்.

"உறை வேண்டாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எதுக்கு? பாவம், கெட்டில் வைக்கணும், பசை காய்ச்சணும். அட்டைன்னா நடுவில படிக்கிறவங்க நின்னுக்கிட்டே படிச்சுடலாம்." சொல்லிவிட்டு, அங்கேயே பலகையில் சாய்ந்து ஒரு அட்டையில் மளமளவென்று எழுதினார். பின்னால் வரிசை நீண்டது. எழுதி முடித்ததும் அட்டையைக் கம்பிக்குள்ளே தள்ளினார்.

"படிங்க. இப்ப நானேதான் குடுக்கறேன்."

சின்னப்புள்ளி கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். தங்கைக்குப் புதுத் தொட்டியைப் பற்றிய செய்தி. இரண்டு கைகளாலும் பிடித்து, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பேனா வெளியே வந்தது. ஒரு புள்ளி வைத்தார், ஒரு ர-வுக்கு முதுகு வைத்தார். 'லீவு கிடைத்தால் வந்து கலந்து கொல்' என்ற இடத்துக்கு வந்தபோது நர்ஸம்மா கம்பி வழியாக விரலை நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும். தங்கச்சிக்கு அப்படியே பழகிடுச்சு. மாத்தினா நான் எழுதினதான்னு சந்தேகப்படுவா."

"மேல படிக்கிறவர்…" என்று இவர் ஆரம்பித்தார்.

"அவரும் பழகட்டும்."

வரிசையில் நின்ற ஒருவர், "அம்மா, பொழுது சாயறதுக்குள்ள எங்களுக்கும் தபால்தலை கிடைக்குமா?" என்றார். சின்னப்புள்ளி அந்த ல-வை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, அட்டையின் மேல் முத்திரையைக் குத்தினார்.